வேனின் இடப்பக்கம்

வாணவேடிக்கைக்கு ஒதுக்கிய முப்பத்தெட்டாயிரத்தை
ஒரே ஓட்டு வித்தியாசத்தில்
பழைய வேன் ஒன்றுக்கு முன்பணமாக்கியது பங்குப் பேரவை.
எதிர்த்துக் கைதூக்கியவர்களில் நானும் ஒருத்தி.
வருசத்துக்கு ஒருநாள்
மாதாவுக்கு வானத்தில் நாலு பூ வேண்டாமா
என்று கேட்டேன்.
இன்றைக்கும் அது தப்பான கேள்வியாகத் தோன்றவில்லை.

"சலேத்து, கணக்கை நீ எழுது" என்று
பதிவேட்டை என்னிடமே நீட்டினார் பங்குச்சாமி.
தோற்றவர் கையில் சாவியைக் கொடுப்பது அவர் வழக்கம்.

செவ்வாய், வெள்ளி. விடியக்காலை நாலேகால்.
பண்ணைக்காட்டிலிருந்து திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு
ஆறு பேர்.
ரத்தம் வெளியே போய்க் கழுவி உள்ளே வர நாலு மணி நேரம்.
போக வர மலை.

டீசல் பள்ளிவாசல் ஜமாஅத் பொறுப்பு.
ஓட்டுகிற பெலவேந்திரனுக்குச் சம்பளம்
ரத்ததான மன்றத்துப் பையன்கள்
சௌசௌ மூட்டை தூக்கிச் சேர்த்த காசு.
மதியச் சோறு,
பூசத்துக்குப் பாதயாத்திரைக்காரர்களுக்கு அன்னதானம் போடும்
வீரணன் குழு.
அண்டா அண்டாவாகப் புளியோதரை கிளறிப் பழகிய கை
உப்பில்லாமல் ஆறு பொட்டலம் கட்டத்
தடுமாறியது.
முதல் மாதம் ஊறுகாயை ஒளித்து வைத்திருந்தார்கள் உள்ளே,
பாவம் என்று.

பெயர் எழுதப் போய்த்தான் வந்தது வினை.
பெயிண்டர் ரெங்கையன் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருக்க
மாதா பேர்தான் என்றது பேரவை.
மன்றத்துப் பையன்கள் சின்னதாக ஒரு ரத்தத்துளி கேட்டார்கள்.
சிக்கந்தர் ராவுத்தர் ஒன்றும் சொல்லாமல்
டீசல் ரசீதை மடித்து மடித்துப்
பொடிமட்டை அளவுக்கு ஆக்கினார்.
எல்லார் பேரும் போட்டால் எழுத்து கடுகாகிவிடும்,
பின்னால் வருகிற லாரிக்காரன்கூடப் படிக்கமாட்டான்
என்றார் ரெங்கையன்.
பெயிண்டில் ஆடை கட்டும்வரை பேசினோம்.
ஒரு எழுத்தும் எழுதாததற்குக் கூலி இருநூறு.
எந்தத் தலைப்பில் எழுத என்று கேட்டேன்.
"இதர" என்றார் சாமி.

ஐப்பசியில் ஒருநாள் துணைக்கு நானும் போனேன்.
டம்டம் பாறைக்கு மேலே ரோட்டை அடைத்து மரம்.
அந்தப்பக்கம் பஸ், இந்தப்பக்கம் வாழைத்தார் லாரி,
மழையில் பொறுமையாக ஒரு காட்டுமாடு.
ஏழு மணிக்குப் படுக்கையில் இல்லையென்றால் முறை போய்விடும்.
அரிவாளோடு இறங்கியவர்கள் டார்ச் அடித்து
வேனின் வெற்றுப் பக்கத்தைப் பார்த்தார்கள்.
"யாரு வண்டி இது?"
சபையா, ஜமாத்தா, மன்றமா,
நான் வரிசைப்படுத்துவதற்குள்
ஜன்னலில் தலையை நீட்டினாள் பவுன்தாய்:
"ஒண்ணுக்குப் போகாதவுக வண்டி சாமி,
சீக்கிரம் வெட்டுங்க."

சிரிப்பு அடங்க நேரமானது.
மரம் அதற்குள் விலகிவிட்டது.
அன்றிலிருந்து காமக்காபட்டி செக்போஸ்டில்
அந்தப் பேரைச் சொன்னாலே கம்பு மேலே போகிறது.

திருவிழா அந்த வருசம் வெள்ளிக்கிழமையில் வந்தது.
சப்பரம் தெருமுனை திரும்பும்போது
கீழே வளைவுக்கு வளைவு ஏறிவந்தது வேனின் வெளிச்சம்.
அதையே வாணவேடிக்கை என்று பிரசங்கத்தில் சொன்னார் சாமி.
நான் ஒத்துக்கொள்ளவில்லை.
வேடிக்கை வேறு, வேன் வேறு.
அடுத்த கூட்டத்திலும் வேட்டுக்குக் கைதூக்குவேன்,
டயர் மாற்றிய பிறகு.

மார்கழிப் பனியில் மிக்கேலின் இடம் காலியானது.
ஜெபத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள்,
ராவுத்தர் வாசலோடு நின்றார்.
பதிவேட்டில் அவர் பேரை அடிக்காமல்
பக்கத்தைத் திருப்பிப் புதிதாக எழுதினேன் ஐந்து பேரை.

ஆறாவதாக வந்தவர் கால் வீங்கியிருந்தார்,
செருப்பு நுழையவில்லை.
ரெங்கையன்.
ஏறும் முன் இடப்பக்கத் தகரத்தைத் தடவிப் பார்த்து
"பேரு எழுதாட்டிப் போகுது,
பிரைமராவது அடிச்சிருக்கலாமில்ல?
துரு ஏறுது பாருங்க" என்றார்.

அடுத்த செவ்வாய்
ஃபைலோடு ஒரு சின்ன டப்பாவும் கொண்டுவந்தார்.
இதற்கு எந்தத் தலைப்பு என்று
இன்னும் சாமியைக் கேட்கவில்லை.