ஆறுக்கு அடுத்து எட்டு

போஹின் ஏரிக்கு மேலே, பனி கரைந்த சரிவில்
கிரேகாவின் வைக்கோல் கொட்டகைக்குக் கூரை பிரிக்கிறோம்.
மே மாதம். கம்பளிச் சட்டைக்குள் வியர்வை, வெளியே குளிர்.

"தகரமென்றால் மூன்றே நாள்" என்கிறான் கிரேகா
ஏணியைப் பிடித்துக்கொண்டு, தினமும் ஒரு தடவை.
"மானியம் வேண்டாமென்று கையெழுத்துப் போடு,
நாளைக்கே தகரம் போடுகிறேன்" என்பேன் நானும்.
ஏணி ஆடும்.

மூன்று அடுக்கு லார்ச் மரச்சில்லு.
மேல்முகம் கறுப்பு, அடிமுகம் இன்னும் தேன்நிறம்.
அறுத்தவையல்ல, பிளந்தவை.
ரம்பம் நரம்பை வெட்டிவிடும், நீர் உள்ளே ஏறும்.
பிளந்தால் நரம்பே வாய்க்கால்.
இதை மானிய அலுவலகத்துக்கு விளக்க
எனக்கு இரண்டு பக்கம் ஆயிற்று.

சில்லு இறங்கியது, வரிச்சு இறங்கியது,
கைமரங்கள் மட்டும் வானத்துக்குக் கீழே நின்றன.
அப்போதுதான் உன் எண்களைப் பார்த்தேன்.
ஒவ்வொன்றின் காலிலும் உளியால் கொத்திய கோடுகள்.
ஆறுவரை ஒழுங்கு.
ஆறுக்கு அடுத்து எட்டு.
எட்டுக்கு அடுத்து ஏழு.

உன் பெயர் தெரியாது.
விட்டத்தில் 1811 என்று மட்டும் இருக்கிறது.
அன்றைக்கு என்ன நடந்தது?
மழை வந்துகொண்டிருந்ததா?
கீழிருந்து எடுத்துக் கொடுத்தவன் காதலில் இருந்தானா?
பிளம் சாராயம் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டதா?
கழுந்து துளைக்குள் பாதிதான் போயிருக்கிறது.
மீதி இடைவெளியில் நீ அடித்த ஆப்பு
ஒரு மரக்கரண்டியின் காம்பு.
அன்றிரவு யாரோ கூழைச் சட்டியோடு குடித்திருப்பார்கள்.

திருத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன்.
மத்தேவ்ஷும் நானும் கயிறு கட்டி இரண்டையும் இறக்கி
ஏழாவதை ஏழாமிடத்தில் நிறுத்தினோம்.
சேரவில்லை.
இருநூறு குளிர்காலத்துப் பனி
எட்டாவதை அந்த இடத்துக்கென்றே வளைத்திருந்தது.
சுவர்மேல் உத்தரமும் அந்த வளைவுக்குத் தேய்ந்து கொடுத்திருந்தது.
சரியான எண் வந்து நின்றதும்
முகடு இரண்டு விரல் தூக்கிக்கொண்டது.
மத்தேவ்ஷ் சொன்ன வார்த்தையை எழுத முடியாது.

திரும்ப மாற்றினோம்.
மாடு தன் கட்டுத்தறிக்குப் போவதுபோல
எட்டு போய் அமர்ந்தது.

கரண்டிக் காம்போ விரலில் தூளாயிற்று.
ஆப்புக்கு மரம் தேடி மூட்டையைக் கொட்டிக்கொண்டிருந்தேன்.
ஏணி ஆடியது.
முதல் தடவையாக மேலே ஏறி வந்தான் கிரேகா,
கையில் ஓர் அகப்பை. பேரிமரம். நுனி கருகியது.
"இது ஆகுமா?"
தகரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
காம்பை அறுத்து அடித்தேன்.
மூன்றாம் அடியில் ஒலி மாறியது.
குழிந்த தலையை அவனிடமே கொடுத்தேன்,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மானியப் படிவம், கேள்வி பதினான்கு:
கட்டமைப்புப் பிழைகள் சரிசெய்யப்பட்டனவா?
ஆம். இல்லை. இரண்டே கட்டம்.
பேனா மூடியைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.
நாளைக்கு மழை என்கிறார்கள்.
புதுச் சில்லுகள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன.

வீட்டுக்குள்ளிருந்து நூஷாவின் குரல்:
"கிரேகா, சோளக்களி கிளறுகிற அகப்பை எங்கே?"