ஒரே ஒரு பிளக்

எங்கள் கராஜில் இருநூற்று நாற்பது வோல்ட் பிளக்
ஒன்றே ஒன்றுதான்.
துணி காயவைக்கும் மெஷினும்
என் வெல்டிங் பெட்டியும்
அதற்காகப் பங்காளிகள் போல முட்டிக்கொள்ளும்.
எமெட்டின் உடுப்பு காய்ந்தால் என் இரும்பு ஒட்டாது.
இரும்பு ஒட்டினால்
எமெட் ஈரத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நெப்ராஸ்காவில் ஜனவரி.
வெளியே கொடியில் போட்ட சட்டை
கை நீட்டியபடியே விறைத்து
கடன் கேட்க வந்த ஆள் மாதிரி நிற்கிறது.

பகலெல்லாம் சர்க்கரை ஆலையில்
யாருடைய குழாய்களையோ ஒட்டுகிறேன்.
இரவில் இது.

உடம்பு கிடைத்தது ஆற்றங்கரையில்.
மண் அரிக்காமல் இருக்க யாரோ ஒரு காலத்தில்
பழைய கார்களை வரிசையாகப் புதைத்திருந்தார்கள்.
வெள்ளம் கரையைத் தின்றுவிட்டு
முப்பத்தொன்றாம் வருஷத்து ஃபோர்டின் முதுகை
ருசிக்காமல் துப்பிவிட்டுப் போயிற்று.
கதவுக்குள் வண்டல்.
வண்டலுக்குள் ஒரு நண்டின் ஓடு.
கூரை இல்லை. நானும் தேடவில்லை.

எஞ்சின்,
லூபே ஆர்மென்டாவின் வயலில்
முப்பது வருஷம் தண்ணீர் இறைத்தது.
எட்டு சிலிண்டர், தட்டைத் தலை.
ஓர் அடி நகராமல்
எத்தனை ஆயிரம் மைல் ஓடியிருக்கும் அது!
லூபே காசு வாங்கவில்லை.
"முதல் உறுமலுக்கு என்னைக் கூப்பிடு" என்றாள்.
கூப்பிட்டேன்.
காதைப் பொத்தாமல் நின்று கேட்டாள்.
"குரல் மாறவேயில்லை, பாவி."

பெட்ரோலுக்கு
மூடிப்போன மதுக்கடையின் பீர் பீப்பாய்;
எத்தனை கழுவியும் வாடை போகவில்லை.
எனக்கு, மருந்து தெளிக்கும் குட்டி விமானத்தின் இருக்கை.
பக்கத்தில் உட்காருபவருக்கு
தேவாலயம் தூக்கிப்போட்ட பெஞ்சில் கால்வாசி.
கியர் கம்பியின் நுனியில்
எங்கள் பழைய குளியலறைக் குழாயின் பீங்கான் குமிழ்.

பிரேக்கை மட்டும் புதிதாக வாங்கினேன்.
மிச்சத்தில் எதையும் செய்யலாம்,
பிரேக்கில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி
சட்டத்தின் இடதுபக்கத்தை
இரண்டு அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டேன்.
அரைமணி நேரம் அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.
வெட்டிய துண்டைக் காணோம்.
காலையில் பார்த்தால்
சமையலறைக் கதவுக்கு அதை
முட்டுக் கொடுத்திருக்கிறான் எமெட்.
திரும்ப ஒட்டினேன்.
தழும்பு தெரியும்; தெரியட்டும்.

பதிவு அலுவலகத்தில் ஜோலீன் கேட்டாள்:
"எந்த வருஷத்து வண்டி?"
"எந்தப் பக்கத்தைக் கேட்கிறாய்?"
அவளுடைய படிவத்தில் நான்கு எண்களுக்குத்தான் இடம்.
முகம் முப்பத்தொன்று,
நெஞ்சு நாற்பத்தொன்பது,
பின்விளக்கு ஐம்பத்திரண்டு,
தழும்புக்கு ஆறு வாரம்.
பேனாவைக் கடித்தாள்.
ஜன்னல் வழியே வண்டியை எட்டிப் பார்த்தாள்.
பிறகு இந்த வருஷத்தை எழுதினாள்.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம்,
புகைக்குழாய்க்குக் கடைசி ஒட்டு.
முகமூடியைத் தூக்கினால் வாசலில் எமெட்,
தோய்ந்த நீல உடுப்பில், சொட்டச் சொட்ட.
கோபமில்லை.
"ஏழு மணிக்கு டியூட்டி" என்றான்.

"ஏறு" என்றேன்.

கண்ணாடி கிடையாது, கதவு பாதிதான் மூடும்.
தானியக் கிடங்கைத் தாண்டும்வரை
அவன் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தான்;
எட்டு சிலிண்டரும் சேர்ந்து அதை விழுங்கின.
பிறகு பேச்சை விட்டுவிட்டு
பெஞ்சில் எழுந்து நின்று
கொடியில் போட்ட சட்டையைப் போல
இரண்டு கைகளையும் விரித்தான்.
முதுகுப்பக்கம் துணி உப்பிப் படபடத்தது.
லூபேயின் நாய் அரை மைல் துரத்தி
மூச்சுவாங்கித் திரும்பிற்று.

ஆஸ்பத்திரி விளக்கின் கீழே இறங்கி
தன்னைத்தானே தடவிப் பார்த்தான்.
தோள் காய்ந்திருந்தது. கை காய்ந்திருந்தது.
"காலர் மட்டும் கொஞ்சம்..." என்றான்.

ஏழுக்கு இன்னும் நான்கு நிமிடம்.
எஞ்சினை நான் அணைத்திருக்கவில்லை.