பாறு எண்ணும் நாள்

ஜவனம்மா கேட்டது அந்தப் பழைய ஊசி,
ஒரே குத்தில் மாட்டை எழுப்பி நிறுத்துமே, அது.
இல்லை என்றேன்.
இருந்திருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன்;
மசினகுடியில் மருந்துக்கடை வைத்திருப்பவன்
கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேச்சு.
மாற்று மருந்தைத் தாளில் சுற்றித் தந்தேன்.
கடனில் எழுதிக்கோ என்றாள்.

மடிநோய் மூன்றாம் நாள் காம்பைக் கல்லாக்கி
ஐந்தாம் நாள் பசுவைச் சாய்த்தது.

டிராக்டரில் கட்டி இழுத்துப்போய்
மாயாற்றுச் சரிவில் விட்டார்கள்.
நானும் போனேன். ஏன் போனேனோ.

முதலில் காக்கை.
அப்புறம் நெடுநேரம் வெறும் வானம்.
பிறகு நீர்மருதின் உச்சியில்
மடித்த குடை ஒன்று விரிந்தது,
அதன் பின்னால் இன்னொன்று,
காற்றில் படியிறங்குவதுபோல் மற்றவை.

காவலர் கேத்தன்
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதினார்:
வெண்முதுகு பதினொன்று. செம்முகம் ஒன்று.
"வருசத்துக்கு ஒரே முட்டைதாங்க" என்றார்,
யாரோ தன்னிடம் கைமாற்றுக் கேட்டதுபோல.

பாறு பசுவுக்குள் தலையை விட்டுக்
கழுத்துவரை சிவந்து நிமிர்ந்தது.
அந்தச் சிவப்பில் என் மருந்தும் இருக்கும்.
பறவையை அது ஒன்றும் செய்யாது.
பசுவையும் ஒன்றும் செய்யவில்லை.

பழைய ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்குமா?
கால்நடை டாக்டர் இல்லை என்கிறார்.
எனக்குத் தெரியவில்லை.

ஜவனம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி
கேத்தனின் நோட்டை எட்டிப் பார்த்தாள்.
"பன்னெண்டா?
கடைசியா ஒண்ணு தனியா வந்து
பாறைக்கு அந்தாண்ட உக்காந்துச்சே, நொண்டி.
அதையும் எழுது."