ஒரு மில்லிமீட்டர் இறங்க

பிரின்ஸ் ரூபர்ட்டில்
மழை பெய்த நாளை யாரும் குறித்துவைப்பதில்லை,
நின்ற நாளைத்தான்.
அப்படி நின்ற ஒரு சனிக்கிழமை
லோர்னா ஹாகனின் கராஜிலிருந்து
எண்பது டாலருக்கு வாங்கினேன் இந்தக் கிட்டாரை.
"கொஞ்சம் கஷ்டப்பட்டு அழுத்தணும்" என்றாள்.

கொஞ்சமா.

பன்னிரண்டாம் ஃப்ரெட்டில்
கம்பிக்கடியில் ஒரு இரண்டு டாலர் நாணயத்தை நுழைத்தேன்.
அதன்மேல் இன்னொன்று.
உரசாமல் உட்கார்ந்திருந்தன இரண்டும்
பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் போல.

படகுத்துறையில் பகலெல்லாம்
வடம் இழுக்கிற கை இது.
எஃப் கார்டு பிடித்ததும்
சுட்டுவிரலின் குறுக்கே தண்டவாளம் பதிந்தது.
வந்த சத்தம்
மூடிய டப்பாவைத் தட்டியது மாதிரி.

டெரஸில் இருக்கும் பழுதுபார்ப்பவர்
போனிலேயே சொல்லிவிட்டார்:
கழுத்தைக் கழற்றி மாட்ட நானூறு.
எண்பது டாலர் உடம்புக்கு
நானூறு டாலர் கழுத்து.

சரி, நானே.

துளைக்குள் சாவியை விட்டு
உள்ளிருக்கும் கம்பியைக் கால் சுற்று திருகினேன்.
மறுநாள் இன்னொரு கால் சுற்று.
கழுத்து நேரானது,
உயரம் அப்படியே.
அது வேறு வியாதி, இது வேறு.

பிறகு குதிரைமேலிருந்த
எலும்புச் சேணத்தை உருவினேன்.
இதன் கணக்கு கொஞ்சம் அநியாயம்:
அங்கே ஒரு மில்லிமீட்டர் இறங்க
இங்கே இரண்டு தேய்க்கவேண்டும்.
ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல்
உப்புத்தாளை ஒட்டி
இழுத்தேன், இழுத்தேன்.
சமையலறை முழுக்கப் பல் டாக்டர் வாசனை.

பென்சில் கோடுவரை தேய்த்து, மாட்டி,
கம்பிகளை முறுக்கி,
நாணயத்தை நுழைத்தால்
இரண்டாவது இன்னும் தளர்வாகவே போகிறது.

இரவு பதினொன்றுக்கு
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
குதிரையின் பள்ளத்துக்குள் பார்த்தேன்.
அடியில் ஏதோ படிந்திருந்தது.
ஊசியால் நெம்ப
நான்கு அட்டைக் கீற்றுகள்,
ஒன்றன்மேல் ஒன்றாக,
சேணத்தின் அகலத்துக்கு அளந்து வெட்டியவை.
மீன் ஆலையின் நேர அட்டை.
ஒன்றில் ஊதா மையில் 05:52.
இன்னொன்றில் "ரின்" என்று முடியும் பாதிப் பெயர்.

தானாக எழும்பிய கம்பி இல்லை இது.
யாரோ எழுப்பியது.

"ஆரின், என் கொழுந்தன்" என்றாள் லோர்னா.
"வின்ச்சில் இரண்டு விரல் போச்சு, இடது கையில்.
சுண்டுவிரலில் ஒரு சாக்கெட்டை மாட்டி
கம்பிமேலேயே வழுக்கிக்கொண்டு போவான்.
ஃப்ரெட்டில் பட்டால் அவனுக்கு ஆகாது.
இப்போ விக்டோரியாவில்,
மவுத் ஆர்கன் ஊதி எல்லார் உயிரையும் எடுக்கிறான்.
பெட்டியில் அந்த சாக்கெட் இருந்திருக்குமே?"

இருந்தது.
கிலுகிலுவென்று உருண்டதை எடுத்து
என் கருவிப் பெட்டியில் போட்டிருந்தேன்.
செவ்வாய்க்கிழமை அதை வைத்துத்தான்
மாடிவீட்டு டாரிலின் சைக்கிள் சீட்டை முடுக்கினேன்.

கிரீஸைத் துடைத்துச் சுண்டுவிரலில் மாட்டினேன்.
கீற்றுகளைத் திரும்ப அடுக்கி
கம்பிமேல் லேசாக வைத்து இழுக்க
ஒரு சுரம் கிளம்பி
அடுத்த சுரத்துக்குப் படியே இல்லாமல் ஏறியது.
நான் எதையும் அழுத்தவில்லை.
இரண்டு மாதமாகக் குறை என்று நான் அளந்ததெல்லாம்
ஒருவனின் அளவு.

ஆனாலும் எனக்கு
ஐந்து விரலும் இருக்கிறது,
எஃப் கார்டும் வேண்டும்.

நான்கையும் எடுத்தேன்.
ஆறாவது கம்பி மூன்றாம் ஃப்ரெட்டில்
குளவி மாதிரி இரைந்தது.
எலும்பை நான் அதிகமாய்த் தேய்த்துவிட்டிருந்தேன்,
அவர் வைத்ததையும் சேர்த்துக் கழித்திருக்கிறேன்.
தேய்த்தது தூளாகி
வடிகாலோடு போய்விட்டது.

ஒரு கீற்றைத் திரும்ப வைத்தேன்,
05:52 உள்ளதை.
இரைச்சல் நின்றது.

மீதி மூன்றும் சாக்கெட்டும்
பெட்டியின் பைக்குள், ஒரு உறையில்.
வெளியே மறுபடி மழை.
ஐந்து கம்பி தெளிவாகப் பேசுகிறது.
இரண்டாவது கம்பி மட்டும் இன்னும் டொக்கென்கிறது,
அது என் விரல்தான்.