நாவல் தின்ற நாக்கு

சிவப்பு வேண்டாம் என்றார் அண்ணன்.
மஞ்சளெண்டால் யோசிச்சுச் செய் என்றாள் மச்சாள்.
பச்சைக்கு ஏற்கெனவே முகாம் இருக்கிறது,
நீலத்துக்குப் பொலிஸ்.
வெள்ளையைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.
கறுப்பு, வங்கி முகாமையாளர்மாருக்கு.

பரந்தன் கராச்சில் கார் நிற்கிறது,
உரித்த கோழி மாதிரி,
பிறைமர் சாம்பலில்.

அறுவடை மெசின் இரண்டை வாடகைக்கு விட்டு
ஏழு போகம் சேர்த்த காசு.
கொழும்பில் ஒரு பல்வைத்தியர் விற்ற பழைய மஸ்டா.
இரண்டே இருக்கை. கூரை மடியும்.
ஒரு மூட்டை நெல்லும் ஏத்தேலாதே என்று
கேட்காத ஆள் கிளிநொச்சியில் இல்லை.
ஏத்தலாம். பக்கத்து இருக்கையில், பெல்ட் போட்டு.
ஏத்தியும் காட்டினேன்.

பொனிபஸ் நிறப் புத்தகத்தை விரித்தான்.
ஆயிரத்துச் சொச்சம் சதுரம்.
எனக்கு வேண்டியது அதில் இல்லை.
"நாவற்பழ நிறமோ அக்கா?"
"பழமில்லை. பழம் தின்ற நாக்கு."

அவன் சிரிக்கவில்லை.
பதினாறு வயதில் அவன் பழகிய முதல் வேலை
வாகனங்களுக்குச் சேறு பூசுவது.
மேலிருந்து பார்த்தால் நிலமாய்த் தெரிய வேண்டும்.
கண்ணாடிக்கும் சேறு,
ஹெட்லைற்றுக்கும் சேறு, நடுவே விரலளவு துளை,
மேலே பாலைக் கொப்பு.
"இரணைமடுச் சேறுதான் திறம்" என்றான்,
"காய்ஞ்சாலும் மினுங்காது."
பிறகு ரின்னின் மூடியை நெம்பினான்.

அது மார்கழி. எந்த மரத்திலும் நாவல் இல்லை.
ஊதாவுக்குள் ரோஸ், அதற்குள் ஒரு சொட்டுக் கறுப்பு,
எல்லாம் ஞாபகத்தில் கலந்தான்.
அளவு எதையும் எழுதி வைக்கவில்லை.

கச்சேரியில் எழுதுவினைஞர்
யன்னலால் எட்டிப் பார்த்தார்.
நிறம் என்ற கட்டத்தில் ஊதா என்று எழுதி வெட்டினார்.
கத்தரிப்பூ என்று எழுதி வெட்டினார்.
தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து
வேறு என்று எழுதினார்.

இதோடு சீவிப்பது லேசில்லை.
முறிகண்டியில் கச்சான் வாங்கினால்
மாங்குளத்தில் கேட்கிறார்கள், சுருள் எவ்வளவு என்று.
வாடகை பாக்கி வைத்திருக்கும் விசுவமடு கனகரத்தினம்
மூன்று வரம்புக்கு அப்பால் என்னைக் கண்டு
தோட்டத்துக்குள் இறங்கிவிடுகிறார்.
அவரிடம் மட்டும் சைக்கிளில் போகிறேன்.

கிரவல் றோட்டில் பத்து நிமிடம் ஓடினால்
கார் நிலத்தின் நிறத்துக்கு வந்துவிடும்.
வீட்டு வாசலில் அப்படி நிற்கும்போது
அதை நான் பார்ப்பதில்லை.
சாப்பிடமுதல் ஹோஸைப் பிடிக்கிறேன்.

ஒட்டுசுட்டானில் ஒரு நாம்பன்
கதவில் கொம்பைத் தேய்த்துவிட்டது.
மிச்சப் பெயின்ற் ரின்னோடு இறுகிப்போயிருந்தது.
பொனிபஸ் மறுபடி கலந்தான், மறுபடி ஞாபகத்தில்.
கையகல ஒட்டு. கொஞ்சம் ரோஸ் கூடிப்போனது.
"பொருந்தேல்லை அக்கா" என்று அவனே சொன்னான்.
காசு வாங்கவில்லை. இரண்டு கிழமை
என் தொலைபேசியையும் எடுக்கவில்லை.

ஆடி வந்தது.
தருமபுரம் பள்ளிக்கூடம் விட்ட நேரம்,
வெள்ளைச் சட்டைகள் காரைச் சூழ்ந்தன.
எல்லா வாயிலும் நாவல்.
ஒருத்தி கதவருகே குந்தி, நாக்கை நீட்டி,
கண்ணைக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.
அவளுக்குத் தெரியவில்லை. தோழியைப் பார்க்கச் சொன்னாள்.
தோழி நீதவான் மாதிரி நேரம் எடுத்தாள்.
"முழுக்காரும் பிழை" என்றாள்.
ஒட்டில் விரலை வைத்தாள்.
"இந்த இடம் மட்டும் சரி."

பை நிறைய வாங்கிக்கொண்டு வந்தேன்.
புளியம்பொக்கணைச் சந்தியில் நிறுத்தி
எட்டோ ஒன்பதோ தின்றிருப்பேன்.
பக்கக் கண்ணாடியைத் திருப்பி
நாக்கை நீட்டினேன்.

பின்னால் வந்த மணல் லொறி
ஹோர்ன் அடித்தது, வேகத்தைக் குறைத்தது.
உள்ளே இருந்த இருவரும்
எதைப் பார்ப்பதென்று தெரியாமல்
பார்த்துக்கொண்டே போனார்கள்.