மொழிமுதல் வராத எழுத்து

குஷிரோ மீன்டப்பா ஆலையில்
இரண்டாம் ஷிஃப்ட் விட்டால் மணி பதினொன்று.
கரோக்கே, ஏழாம் எண் அறை.
கையுறை வாடை இன்னும் விரலை விடவில்லை.
இன்றைக்கு ஒரே விதி:
பாட்டை யோசிக்கக் கூடாது,
எழுத்தைத் தொடு, அதில் தொடங்குவதைப் பாடு.

தமோட்சு 'நு' தொட்டான்.
நான்கே பாட்டு, நான்கும் அவன் பிறக்குமுன் வந்தவை.
பாடினான், அடிபட்ட கடல்நாய் மாதிரி.
ஒரியே 'ஹ' என்னும் கடலில் விழுந்து
கரையேறக் கால்மணி நேரம்.

சிஸுரு மட்டும் தயங்கவேயில்லை.
முதல் முறை 'ரெ'.
அடுத்து 'ஓ'.
மூன்றாம் முறை விரல்
கட்டத்தின் கடைசி மூலைக்குப் போனது: 'ன்'.

அதில் தொடங்கும் சொல்லே எங்கள் மொழியில் கிடையாது.
பாடல்கள்: பூஜ்யம், என்றது திரை.

ரெ-ஓ-ன்.
ஏப்ரலில் சப்போரோ போனவன்.
சார்ஜரைக்கூட எடுக்காமல் போனவன்.
ஒரியே உருளை வறுவலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிஸுரு மைக்கை ஒட்டி,
உதடு பிரிக்காமல்
ன்... என்றாள்.
ஸ்பீக்கர் கொஞ்சம் அதிர்ந்தது.
மதிப்பெண் எதுவும் வரவில்லை.

சுவர் போன் அடித்தது:
இன்னும் பத்து நிமிடம், நீட்டிக்கவா?
"ஒரு மணி நேரம்" என்றான் தமோட்சு.
நாளை அவனுக்குக் காலை ஷிஃப்ட்.