பூ: இல்லை

தளி தாண்டி, கர்நாடகா தொடங்கும் முன்,
தார் ரோடு தீர்ந்துபோகிற இடத்தில்
மூன்று ஏக்கர் செவ்வந்திக் கூடாரம்.
இரவு பத்துக்கு விளக்குப் போடுவேன்,
இரண்டுக்கு அணைப்பேன்.
நாலு மணிநேரப் பொய். அதுதான் என் வேலை.
சம்பளம் பதினோராயிரம், ஒரு ஸ்வெட்டர்.

இருட்டு நீண்டால் செவ்வந்தி பூத்துவிடும்.
பெங்களூரில் முகூர்த்தம் வரும்போதுதான்
அது பூக்க வேண்டும்.
அதனால் நடுராத்திரியில் எழுப்பி
இன்னும் ஆடிதான், இன்னும் ஆடிதான் என்று
சொல்லிக்கொண்டே இருக்கிறோம்.

வேலிக்கு அந்தப்பக்கம் லகுமய்யாவின் கொல்லை.
ராகி, நடுவே துவரை, வேலியை ஒட்டி அவரை.
துவரைக்குள் வேறொன்றும் இருந்தது.
ஆவணியிலேயே பார்த்துவிட்டேன்:
காற்றடித்தால் துவரை ஒருபக்கம் சாய
அது மட்டும் வேறு மாதிரி சாயும்.
பார்த்தேன் என்று சொல்லவில்லை.
ஒருநாள் பீடிக்கு நெருப்புக் கேட்டு வந்தவர்
"உன் பல்பு புண்ணியம்,
ஆனை இந்தப்பக்கம் திரும்பல" என்றார்.
மறுநாள் ஒரு பை ராகி மாவு கொடுத்தனுப்பினார்.

இங்கே குளிர் யாரையும் கேட்டு வருவதில்லை.
ஐப்பசி மழை விட்ட மறுநாளே
ஏரியிலிருந்து எழுந்து வந்து
கொல்லையில் படுத்துக்கொள்ளும்.
கார்த்திகையில் ராகி அறுத்தார்கள்.
வேட்டி அவிழ்ந்தவன் துண்டோடு நிற்பதுபோல
துவரை மட்டும் நின்றது.
அவருக்கு அவசரம் வந்துவிட்டது.
விடிந்ததும் செடி செடியாய்க் குனிந்து
நுனியைப் பிரித்துப் பார்ப்பார், பேன் பார்ப்பதுபோல.
கிழிந்த பாலித்தீன் என்னிடமே கேட்டு வாங்கினார்.
"தக்காளி நாத்துக்கு," என்றார்.
மகளின் நர்சிங் காலேஜுக்குத் தையில்
இரண்டாம் தவணை கட்ட வேண்டும் என்றும் சொன்னார்,
நான் கேட்காமலே.

மார்கழி பிறந்தது.
எங்கும் அவரை பூத்து ஊரே அந்த வாசனையில் கிடக்க,
வேலியோர மூன்று வரிசை மட்டும் பூக்கவில்லை.
அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.
விளக்கைப் பார்த்தேன். அவரையைப் பார்த்தேன்.
துவரைக்குள் ஆளுயரம் தாண்டி
பச்சையாய், வெறும் பச்சையாய்
ஆடி மாசத்திலேயே நின்றுகொண்டிருந்ததையும்.

சொல்லியிருக்கலாம்.
எப்படிச் சொல்வது?
அய்யா, நீங்கள் வளர்க்காத அந்தச் செடி
என் வெளிச்சத்தால் பூக்கவில்லை என்றா?

ஒரு செவ்வாய்க்கிழமை, பனி விலகுமுன் ஜீப் வந்தது.
சாட்சிக்கு ஆள் வேண்டுமென்று
தூங்கப் போனவனை எழுப்பினார்கள்.
ஏட்டு பிடுங்கிப் பிடுங்கி எண்ண,
ரைட்டர் ஜீப் பானட்டில் பேப்பரை வைத்து எழுதினார்.
எண்ணிக்கை நாற்பத்து மூன்று.
உயரம் ஏழடி. இலை உண்டு. பூ?
ஏட்டு ஒரு நுனியைக் கசக்கி முகர்ந்தார்.
"வெறும் தழை சார்.
இத்தன நாளா என்னத்தய்யா வளர்த்த?"
பூ: இல்லை.

லகுமய்யா பதில் பேசவில்லை.
கூடாரத்தின் மூலையில்
அணைக்க மறந்த ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது.
அதைப் பார்த்தார்.
மெதுவாகத் திரும்பி அவரையைப் பார்த்தார்.
பிறகு என்னை.
ஆறு மாதக் கணக்கை ஒரே மூச்சில் போட்டு முடித்தவர்
தோள் குலுங்கச் சிரித்தார்.
குளிரில் நடுங்குகிறான் என்று நினைத்து
ஏட்டு ஒரு சாக்கை எடுத்துப் போர்த்திவிட்டார்.

சாட்சி இரண்டு: தி. மாதையன், பென்னாகரம்.
பேனா எழுதவில்லை,
உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்க வேண்டியிருந்தது.

பூ இல்லாததால் கேஸ் கொஞ்சம் இளைக்குமாம்,
டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.
எனக்குத் தெரியாது.
சாயங்காலம் அவர் மகள் வந்து
பூக்காத மூன்று வரிசையையும்
மாட்டுக்கு அறுத்துக்கொண்டு போனாள்.
வேலிக்கு இந்தப்பக்கம் பார்க்கவே இல்லை.

அன்றிரவு பத்துக்கு நான் விளக்குப் போடவில்லை.
பத்தேகாலுக்குப் போட்டேன்.